பதினொரு மணிக்குப் பிறகு வந்த பேய்கள்

பேய்ப்படம் ஏன் எப்போதும் ஊர் படுத்த பிறகே டிவியில் வந்தது? இருட்டில் பார்த்தால்தான் பயம் வரும் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது என்பார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த நேரத்தைப் பேய்களுக்கு முதன்முதலில் எழுதிக் கொடுத்தது விளம்பரக் கணக்கு.

கொழும்பில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்த தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எப்படியோ அந்த நடுச்சாமப் படங்களில் போய் நிற்கிறது. படத்தின் பெயர் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்காது. ஒரு காட்சி மட்டும் அப்படியே இருக்கும்: படியில் இறங்கி வரும் கால், தானாகத் திறக்கும் அலுமாரி, மூடுபனியில் ஒரு வண்டி. அந்தப் படங்களில் பலவற்றை இன்று போனிலேயே தேடி எடுக்கலாம். எடுத்துப் பார்த்தால் கால்மணி நேரத்தில் அலுப்புத் தட்டுகிறது. அப்படியென்றால் எங்களுக்கு இருக்கும் ஏக்கம் படத்தின் மேல் மட்டும் இல்லை. அதைப் பார்க்க நேர்ந்த விதத்தின் மேல். அந்த விதம் எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன.

முதலில் காசு. 1957இல் அமெரிக்காவில் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனம், யூனிவர்சல் ஸ்டூடியோவின் பழைய படங்கள் 52ஐ ‘ஷாக்’ என்ற பெயரில் ஒரே கட்டாகக் கட்டி உள்ளூர் டிவி நிலையங்களுக்கு விற்றது. 1931இல் வெளிவந்த டிராகுலாவும் ஃபிராங்கன்ஸ்டைனும் அந்தக் கட்டில் இருந்தன. தியேட்டரில் சம்பாதித்து முடித்த படங்கள். டிவிக்கு மலிவாகக் கிடைத்தன. நிலையங்களுக்கோ இரவுச் செய்திக்குப் பிறகு போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த நேரத்துக்கு விளம்பரமும் பெரிதாக வராது. மலிவான நேரத்தில் மலிவான படம் வந்து உட்கார்ந்தது.

படத்துக்கு முன்னால் ஒருவர் வந்து பேசும் வழக்கம் அதற்கும் முந்தியது. 1954இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நிலையம் ஒன்றில் மைலா நூர்மி என்ற நடிகை, வெம்பைரா என்ற பெயரில், கறுப்பு உடையும் மெலிந்த இடுப்புமாகப் புகைமூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்து படத்தை அறிமுகம் செய்தார். அமெரிக்காவில் ‘ஷாக்’ கட்டு போன பல ஊர்களில் இப்படி ஒரு ஆள் முளைத்தார்.

1968இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்துக்கு நடந்தது இன்னும் விசேஷம். வெளியிடும் நேரத்தில் படத்தின் பெயரை மாற்றினார்கள். புதிய பெயர் அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யாரும் காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்பதால் எத்தனையோ நிலையங்கள் எத்தனையோ இரவுகளில் அதைப் போட்டன. நடமாடும் பிணங்கள் உலகத்துக்கே பழக்கமானதில் அந்த விடுபட்ட வரிக்கும் பெரிய பங்கு உண்டு.

பிரிட்டனில் பிபிசி 2 எழுபதுகளின் நடுவிலிருந்து கோடைகாலச் சனிக்கிழமை இரவுகளில் இரண்டிரண்டு பேய்ப்படங்களாகப் போட்டது. 1988இல் அதே அலைவரிசை ‘மூவிட்ரோம்’ என்ற தொடரைத் தொடங்கியது. இயக்குநர் அலெக்ஸ் கொக்ஸ் முதலில் வந்து, இந்தப் படத்தில் என்ன குறை, ஏன் அப்படியும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்புறம் படம். ஒதுக்கப்பட்ட படங்களுக்கென்று ஒரு ரசிகர் கூட்டத்தை அந்தச் சில நிமிடப் பேச்சே உண்டாக்கியது. இந்தியாவில் ராம்சே சகோதரர்கள் 1993இல் ஸீ டிவிக்குத் திகில் தொடர் எடுத்தார்கள். கொழும்பில் டிஷ் வைத்திருந்த வீடுகளில் ஹிந்தி தெரியாமலே அதைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கம் டிவியே பிந்தித்தான் வந்தது. 1979 ஏப்ரல் 13ஆம் தேதி ஐ.ரி.என். என்ற அலைவரிசை கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பன்னிப்பிட்டியிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் அலை கொழும்பையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15ஆம் தேதி ஜப்பான் உதவியோடு அரசின் ரூபவாஹினி அலைவரிசை வந்தது. பத்து வருடத்துக்கு மேல் இந்த இரண்டும்தான். 1993இல் ரி.என்.எல். வந்த காலத்தையொட்டித்தான் தனியார் அலைவரிசைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தமிழுக்கென்று முழு நேர அலைவரிசையாக சக்தி டிவி வந்தது 1998இல். அதுவரைக்கும் தமிழ் நிகழ்ச்சி என்றால் ஒதுக்கித் தந்த கொஞ்ச நேரம்.

ஆகவே கொழும்புத் தமிழ்ப் பிள்ளை இரவில் பார்த்த படம் பெரும்பாலும் ஆங்கிலப் படம். கீழே ஓடும் எழுத்து சிங்களம். பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது தமிழில். ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த கட்டியெழுப்பிய மொழிமாற்றுப் பிரிவு கார்ட்டூன்களைச் சிங்களமாக்கியதால், எங்களில் பலருக்கு டிவிதான் முதல் சிங்கள வாத்தியார். ஆனால் இரவுப் படத்தின் வசனத்தைப் பின்தொடர அந்தச் சிங்களம் போதாது. பள்ளிக்கூட ஆங்கிலமும் போதாது.

பேய்ப்படத்துக்குத்தான் அந்த வசனம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. காதல் கதையில் இரண்டு பேர் மேசையில் இருந்து பேசிக்கொண்டே இருந்தால் நாங்கள் தொலைந்துபோவோம். நீதிமன்றக் கதை என்றால் சொல்லவே வேண்டாம். பேய்ப்படத்தில் ஒருத்தி கையில் விளக்கோடு நடைபாதையில் போகிறாள், பின்னால் கதவு அசைகிறது. இதற்கு எந்த மொழி வேண்டும்? மூன்று மொழிக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முழுதாகப் புரிந்த முதல் ஆங்கிலப் படங்கள் இவை. என் தலைமுறைக்கு இந்த வகைப் படங்களின் மேல் இருக்கும் பாசத்துக்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை ரசனைக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அடுத்தது, அந்தப் பெட்டியில் படம் தெரிந்த விதம். தியேட்டர் படம் நொடிக்கு 24 சட்டகம். எங்கள் நாட்டு டிவி ஒளிபரப்பு முறை (PAL என்பார்கள்) நொடிக்கு 25 சட்டகம். அதனால் டிவியில் எல்லாப் படமும் நூற்றுக்கு நான்கு வீதம் வேகமாக ஓடும். நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறு நிமிடத்தில் முடியும். குரல்களும் ஒரு இழை மெலிந்து ஒலிக்கும். நாங்கள் கேட்ட அலறலெல்லாம் உண்மையான அலறலைவிடக் கொஞ்சம் கூர்மையானது.

அகலத் திரைப் படங்கள் பட்ட பாடு இதைவிட மோசம். ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ 1978இல் நீண்ட அகலத் திரைக்காக எடுக்கப்பட்டது. கொலைகாரன் பல காட்சிகளில் திரையின் ஓரத்தில், மங்கலாக நிற்பான். அதை நாலுக்கு மூன்று அளவுப் பெட்டிக்கு வெட்டியபோது, அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விட்டது. சில நேரம் அவனும் அந்தப் பங்கோடு போனான். பார்ப்பவருக்கோ அந்தப் பெண் ஏன் திடுக்கிடுகிறாள் என்று தெரியாது. அந்தத் தெரியாமையும் ஒரு பயம்தான்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் கடற்கரைப் பக்கம் இருந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை. உப்புக்காற்று அலுமினிய அன்டெனாவின் மூட்டுகளை அரித்துவிடும். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் அன்டெனா தானே திரும்பிவிடும். உயர்ந்த தொடர்மாடிகளில் பட்டுத் தெறித்து வரும் அலை சற்றுப் பிந்தி வந்து சேர்வதால், திரையில் ஒவ்வொரு ஆளுக்கும் வலப்பக்கம் ஒரு மங்கலான இரட்டை ஆள் நிற்பார். பேய்ப்படத்தில் யார் மனிதர், யார் பேய் என்று நிஜமாகவே குழம்பிய இரவுகள் உண்டு. ஒருவர் மொட்டைமாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு, “இப்ப சரியா?” என்று கத்துவார். உள்ளே இருந்து, “இன்னும் கொஞ்சம் கடல் பக்கம் திருப்புங்கோ அண்ணா” என்று பதில் போகும். பழைய கண்ணாடிக் குழாய் டிவியில் இருட்டான காட்சி முழுக் கறுப்பாகத் தெரியாது. சாம்பல் பூத்துப் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அந்தக் கொதிப்புக்குள் கண் எதையும் உண்டாக்கிக்கொள்ளும். இன்றைய துல்லியத் திரையில் பேயின் முகத்தில் பசையிட்டு ஒட்டிய ரப்பர் விளிம்பு தெரிகிறது. அன்று அது தெரிய வழியே இல்லை.

தமிழ்ப் பேய்கள் வேறு வழியால் வந்தன. அவை முதலில் வானொலியில் வந்தன. 1966இல் வெளிவந்த ‘யார் நீ’ படத்தின் “நானே வருவேன்” பாட்டை இலங்கை வானொலியில் எத்தனை வீடுகள் கேட்டிருக்கும்! ஹிந்திப் படம் ஒன்றுக்கு மதன் மோகன் போட்ட மெட்டு அது. தமிழில் பி. சுசீலாவின் குரலில் வந்தபோது இங்கே பெரியவர்களுக்கு அது இனிய பழைய பாட்டு. பிள்ளைகளுக்குப் பேய் பாடுகிற பாட்டு. படத்தை ஒருநாளும் பார்க்காதவர்கள்கூட அந்தப் பாட்டுக்குப் பயந்தார்கள். ஆங்கிலப் படத்தில் பேய் வருமுன் சத்தம் அடங்கும். எங்கள் படத்தில் பேய் வருமுன் பாட்டுக் கேட்கும், அதுவும் தூரத்திலிருந்து, முழுச் சரணத்தோடு. தொடர்மாடியில் குடியிருப்பவருக்கு அதுதான் ஆகப் பெரிய அபாயம். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்மாடி வீட்டில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டால், கீழே இருப்பவருக்குப் படமே தேவையில்லை. வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், சலங்கைச் சத்தம் எல்லாவற்றையும் அவரே நிரப்பிக்கொள்வார்.

தமிழ்ப் பேய்ப்படங்களை டிவி ஒளிபரப்பைவிட, வீடியோ கசெட் ஓட்டும் டெக்கில்தான் அதிகம் பார்த்தோம். காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த வீடியோக் கடைகளில் கசெட்டோடு டெக்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்குத் தருவார்கள். கலியாண வீட்டுக்கு உறவினர் வந்து நிறைந்தால், பரீட்சை முடிந்தால், யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால், டெக் வரும். காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால் விடிய விடிய ஓடும். வரிசையும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றே. முதலில் அம்மாவுக்கும் மாமிக்கும் குடும்பப் படம். இரண்டாவது ரஜினி அல்லது கமல். பெரியவர்கள் பாயை விரித்துச் சரிந்த பிறகு, இரண்டு மணி வாக்கில், கசெட்டின் முதுகில் பேனையால் பெயர் எழுதிய அந்த மூன்றாவது படம்.

‘ஆயிரம் ஜென்மங்கள்’ 1978. ‘ஊமை விழிகள்’ 1986. ‘13ஆம் நம்பர் வீடு’ 1990. இப்படி ஏதாவது ஒன்று. இவற்றில் ‘ஊமை விழிகள்’ தனியாகச் சொல்ல வேண்டியது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து சினிமாஸ்கோப்பில் எடுத்த படம் அது. வெட்டவெளியும் தனிமையான வீதியும்தான் அதன் பயம். டெக்கில் நாங்கள் பார்த்ததோ இரண்டு பக்கமும் வெட்டுண்ட, கொப்பியின் கொப்பியான நிறம் செத்த படம். ஆனாலும் அது வேலை செய்தது! நடுவில் படம் கோடு விழுந்து நெளியும்போது டெக்கின் மூடியைத் திறந்து, ஓடிக்கொலோன் நனைத்த துணியால், நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நிபுணர் இருந்தார்.

கசெட் என்றால் பெரும்பாலும் 180 நிமிடம். தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம். மிச்ச அரை மணி நேரத்தில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. முன்னால் யாரோ பதிந்து அழிபடாமல் கிடந்த கிரிக்கெட், யாருடையதோ பிறந்தநாள், அல்லது தலையும் வாலும் இல்லாத ஒரு இரவுப் படத்தின் துண்டு. நான் இன்றும் தேடிக்கொண்டிருக்கும் ஒரு படம் அப்படிக் கிடைத்த துண்டுதான்: ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், அதற்குக் கீழே காத்திருக்கும் நாய், அவ்வளவு.

இனி, கொழும்பின் இரவைப் பற்றிச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. உள்நாட்டுப் போர் நடந்த தொண்ணூறுகளில் இங்கே தமிழர்களுக்கு இரவு என்றால் வேறு அர்த்தம். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, நேரகாலம் தெரியாத சுற்றிவளைப்பு. வடக்கிலிருந்து வந்து லொட்ஜிலும் அனெக்ஸிலும் தங்கியிருந்தவர்களுக்குக் கதவு தட்டும் சத்தமே போதும். பிள்ளைகள் இரவில் வெளியே போவது அனேகமாக நின்றுவிட்டது. இரண்டாம் காட்சிக்குத் தியேட்டருக்குப் போவதைப் பல வீடுகள் கைவிட்டன. மிஞ்சிய ஒரே இரவுப் பொழுதுபோக்கு வீட்டு டிவி.

அதையும் சத்தத்தைக் குறைத்துத்தான் பார்த்தோம். “தம்பி, சத்தத்தைக் குறை. வெளியில வாகனம் வந்தா கேக்காது.” பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ரசிகர் தூங்கும் பெற்றோருக்குப் பயந்து சத்தத்தைக் குறைத்திருப்பார். இங்கே முழித்திருந்த பெற்றோர்தான் குறைக்கச் சொன்னார்கள். ஒரு காது படத்திலும் ஒரு காது ஒழுங்கையிலும் இருக்கும். திரையில் கதவு தட்டப்பட்டால் எல்லோரும் ஒரு கணம் திரையை விட்டு நிஜக் கதவைப் பார்ப்போம்.

அப்படியான காலத்தில் பிள்ளைகளைப் பேய்ப்படம் பார்க்க விட்டது ஏன் என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். அது எங்களுக்கு நல்லதையே செய்தது என்பது என் எண்ணம். வெளியில் இருந்த பயம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்கள் அதைப் பற்றி எங்களோடு பேசவும் மாட்டார்கள். படத்துப் பயத்துக்கு நேரம் குறித்திருந்தது. அதற்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, சிலுவைக்கோ விடியலுக்கோ அடங்கியது. வாய்விட்டுக் கத்தலாம், போர்வைக்குள் ஒளியலாம், பிறகு சிரிக்கலாம். பயந்துவிட்டேன் என்று வெட்கமில்லாமல் சொல்ல அனுமதி இருந்த ஒரே இடம் அது.

படம் எப்போதும் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. அன்று நாட்டின் மின்சாரம் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களை நம்பியிருந்தது. 1996இல் மழை பொய்த்தபோது பல மணி நேர மின்வெட்டு வந்தது. 2001, 2002இலும் அப்படியே. கரண்ட் போனால் படம் போச்சு. திரும்பிப் பார்க்க வழியில்லை. அடுத்த முறை எப்போது போடுவார்கள் என்றும் தெரியாது. மறுநாள் காலை ஸ்கூல் வானில்தான் மிச்சக் கதை கிடைக்கும். வேறு பகுதியில் மின்வெட்டு இல்லாதவன் சொல்வான். அவனும் பாதியில் தூங்கியிருந்தால் அவனே ஒன்றைக் கட்டிச் சொல்வான். வெள்ளவத்தையிலிருந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அந்தப் படத்தில் இரண்டு சாவு கூடியிருக்கும், ஒரு சுடலையும் முளைத்திருக்கும். இங்கிலாந்தில் எடுத்த படத்துக்குள் கொள்ளிவாய்ப் பேயும் மோகினியும் புகுந்தது இப்படித்தான். சிங்களப் பிள்ளைகள் தங்கள் கதைகளில் வரும் சுடலைப் பேயான மகாசோனாவைக் கொண்டுவருவார்கள். நாங்கள் கேட்ட படங்கள் பார்த்த படங்களைவிட நல்லவை என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம்.

இது போனதற்கும் காரணம் கணக்குத்தான். செய்மதி இணைப்புகள் பெருகியதும் இருபத்துநான்கு மணி நேரமும் படம் கிடைத்தது. கடைசி நிகழ்ச்சி, அப்புறம் தேசிய கீதம், அப்புறம் வெறும் இரைச்சல் என்ற எல்லை இல்லாமல் போனது. பின்னிரவை நிரப்பப் பொருட்களை விற்கும் நீண்ட விளம்பரங்களும் மறு ஒளிபரப்பும் பழைய படத்தைவிட மலிவாக வந்தன. டிவிடி வந்ததும் டெக் வாடகை படுத்தது. பிறகு எல்லாம் போனுக்குள் வந்தது. இப்போது எனக்குப் பிடிக்கும் என்று ஒரு கணினி கணித்த படத்தைத்தான் எனக்குக் காட்டுகிறார்கள். அன்று காட்டப்பட்டது யாருக்கும் பிடிக்கும் என்று யாரும் நினைக்காத படம். அதைத்தான் பத்துப் பதினைந்தாயிரம் வீடுகளோ, பத்து வீடுகளோ, ஒரே நிமிடத்தில் பார்த்துப் பயந்துகொண்டிருந்தன.

படங்களில் பலவற்றைக் காப்பாற்றக் காப்பகங்கள் இருக்கின்றன. அழிந்துகொண்டிருப்பது ஒளிபரப்பு. வெம்பைராவின் நிகழ்ச்சி நேரடியாகப் போனதால் அதில் மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கிறது. எங்கள் அறிவிப்பாளர்களின் இரவு வணக்கம், நடுவில் வந்த பிஸ்கட் விளம்பரம், மூலையில் இருந்த பழைய இலச்சினை, சிங்கள எழுத்தோடு ஓடிய டிராகுலா ஆகியவை இன்று இருக்குமென்றால் யாராவது ஒருவரின் வீட்டு அலுமாரியில், கசெட்டின் கடைசி அரை மணி நேரத்தில்தான் இருக்கும்.

கொழும்பின் ஈரக்காற்று அவற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. கசெட்டின் சிறு கண்ணாடி வழியாகப் பாருங்கள். நாடாச் சுருளின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சணம். அதை அப்படியே டெக்கில் போடாதீர்கள். நாடா அறுந்துபோகலாம், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டுக்கும் தொற்றும். ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே கணினியில் பதியுங்கள். பதியும்போது தமிழ்ப் படம் முடிந்ததும் நிறுத்திவிடாமல் கடைசிவரை ஓட விடுங்கள். மணிக்கூட்டுக் கோபுரமும் அதன் கீழே ஒரு நாயும் கண்ணில் பட்டால் எனக்கும் சொல்லுங்கள்.